கோட்டில் விழுந்த பந்து

பந்து விழுந்த இடத்தில் கொஞ்சம் வெள்ளைப் புழுதி எழும்பியது. ஒரு சிட்டிகைத் திருநீற்றை யாரோ ஊதிவிட்டதுபோல, அவ்வளவுதான். ஆடிக் காற்று அதை உடனே அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தச் சிட்டிகைப் புழுதியைப் பற்றிச் சேலத்திலும் நாமக்கல்லிலும் வருஷக்கணக்காகப் பேசினார்கள். காப்பி ஓட்டலில் பேசினார்கள், கோர்ட்டு வராந்தாவில் பேசினார்கள், கல்யாணப் பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கும்போது பேசினார்கள், பிற்பாடு யுத்த காலத்தில் கரியில் ஓடிய பஸ்ஸில் முக்கி முனகி ஏறிக்கொண்டும் பேசினார்கள். பந்து உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பதுதான் பேச்சு. அது விழுந்த இடத்துக்கு மிக அருகில் நின்றிருந்தவன் நான். வலைக்கு அந்தப் பக்கம் நின்று அதை அடித்தவர் என் அக்காவின் கணவர்.

மச்சான் நாமக்கல்லில் வக்கீல். காவிரிக்கரை ஓரமாகத் தோட்டம் துரவு உள்ள குடும்பம். நான் சேலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். டென்னிஸ் எனக்குக் கல்லூரியில் படிக்கும்போது வந்தது. வந்தது என்று சொல்வதுகூடப் பெருமைதான். நான் அதைக் கட்டி இழுத்து வந்தேன். விடுதிச் சுவரில் பந்தை அடித்து அடித்து, அந்தச் சுவரின் காரை உதிர்ந்து வார்டனிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். மணிக்கட்டு வீங்கி, விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு பரீட்சை எழுதியிருக்கிறேன். அப்படிச் சம்பாதித்த ஆட்டம் அது. மச்சானோ கல்யாணமாகி, வக்கீல் போர்டு மாட்டி, தொந்தி லேசாக எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் முதன்முதலில் மட்டையைத் தொட்டார். ஒரு கோடை விடுமுறையில் நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, சும்மா பொழுதுபோக்குக்காக, மட்டையை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். "இதென்ன மாப்ளே, ஈ அடிக்கறாப்பல இருக்குது" என்று சிரித்தார். மறு கோடையில் நான் போனபோது எனக்கே ஆட்டம் காட்டிவிட்டார்.

அது எனக்குப் பொறுக்கவில்லை. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? ஒரு மனிதன் கஷ்டப்பட்டு ஏறிய மரத்தில், இன்னொருவன் தரையில் நின்றபடியே கையை நீட்டிக் காயைப் பறித்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அவருடைய ஆட்டத்தில் அவசரமே இருக்காது. பந்து வரும் இடத்துக்கு அவர் ஓடியதாக எனக்கு நினைவில்லை. பந்து வரும்போது அவர் அங்கே நின்றுகொண்டிருப்பார். இடப்பக்கம் வரும் பந்தை நானெல்லாம் எப்படியோ தட்டி அனுப்பிப் பிழைத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் தோளை ஒரு திருப்புத் திருப்பி அதை வலைக்கு மேல் நூல் பிடித்ததுபோல அனுப்புவார். அனுப்பிவிட்டு, அது எங்கே போய் விழுகிறது என்று பார்க்காமல் வேட்டியைச் சரிசெய்பவர்போல இடுப்பில் கை வைத்துக்கொள்வார். நான் வெறுத்தது அந்த அடியைக்கூட அல்ல, அந்தக் கையைத்தான். அவருடைய வெள்ளைக் கால்சராயின் கஞ்சி மடிப்பு, ஆட்டம் முடிந்த பின்னும் கலையாமல் நிற்கும். என்னுடையது முதல் ஆட்டத்திலேயே செம்மண்ணாகிவிடும்.

சேலத்தில் அப்போது உத்தியோகஸ்தர் சங்கம் ஒன்று ஜில்லா முழுவதற்கும் சேர்த்து ஒரு பந்தயம் நடத்தி வந்தது. வெள்ளிக் கோப்பை உண்டு. மேட்டூர் அணை கட்டி முடித்துச் சில வருஷங்களே ஆகியிருந்தன; அங்கிருந்து என்ஜினியர்கள் வருவார்கள், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டாக்டர் வருவார். அந்த வருஷம் இவர்கள் எல்லோரையும் கழித்துவிட்டுக் கடைசியில் மிஞ்சியது மச்சானும் மச்சினனுமாகிய நாங்கள் இருவர். நாமக்கல்லிலிருந்து பஸ் பிடித்துக் கூட்டம் வந்து இறங்கியது; அக்காவும் வந்து பெண்களுக்கான பந்தலில் உட்கார்ந்திருந்தாள். சேலத்துக்காரர்கள் என்னைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். மதில் சுவர் மேலும் புளியமரக் கிளைகளிலும் என் பள்ளிக்கூடமே உட்கார்ந்திருந்தது. டென்னிஸ் என்றால் என்னவென்றே தெரியாத வண்டிக்காரர்கள்கூட "நம்மூரு வாத்தியாருக்கும் நாமக்கல் வக்கீலுக்கும் போட்டியாமா" என்று எட்டிப் பார்த்தார்கள்.

அன்று நடந்த குளறுபடி சேலத்தில் மட்டுமே நடக்கக்கூடியது. ஆடுகளத்தின் கோடுகளை வழக்கமாக நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்துத்தான் போடுவார்கள். அந்த வருஷம் பெரிய துரைமார் வருகிறார்கள் என்று இருந்த சுண்ணாம்பையெல்லாம் சுற்றுச் சுவருக்கு அடித்துத் தீர்த்துவிட்டார்கள். அதற்கென்ன, வெள்ளை மாவுக்குச் சேலத்தில் பஞ்சமா? மலையடிவாரத்துச் சுரங்கத்திலிருந்து வெள்ளைக்கல் மாவை ஒரு கோணிப்பை கொண்டுவரச் சொல்லி, கயிறு கட்டி ஆணியால் மண்ணில் கீறி, அந்தக் கீறல்மேல் கோலம் போடுவதுபோல உலர்மாவைத் தூவிவிட்டார்கள். பார்க்கப் பளிச்சென்று அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது ஆடி மாதம் என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. நாங்கள் ஆடத் தொடங்கிச் சற்று நேரத்திலேயே காற்று கோடுகளை மேய ஆரம்பித்தது. விரல் அகலத்துக்கு இருந்த கோடு கை அகலமாயிற்று, பிறகு முறம் அகலமாயிற்று. எது கோடு, எது காற்று இழுத்துப் பரப்பிய மாவு என்று தூரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

முதலில் மச்சான் வெகுதூரம் முன்னே போய்விட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகப் பின்தொடர்ந்து வந்தேன். என் வாழ்நாளில் அப்படி நான் ஆடியதில்லை, பிறகும் ஆடவில்லை. மரத்திலிருந்த பையன்கள் கத்திய கத்தலில் காக்கைகள் ஊரைவிட்டே போயிருக்கும். மச்சானுக்கும் மூச்சு வாங்கியது. அவருக்கு ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் பந்தயம் முடியும். எனக்குக் கிடைத்தால் ஆட்டம் மறுபடி சமநிலைக்கு வரும், அதற்குப் பிறகு அவருடைய தொந்தி எனக்குத் துணை செய்யும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அப்போதுதான் அவர் இடப்பக்கத்திலிருந்து அந்த அடியை அடித்தார். பந்து என் மட்டைக்குச் சற்று எட்டாமல் போய், பின்கோட்டு மூலையில் விழுந்தது. அதே நொடியில் ஒரு சுழல்காற்று எழும்பியது. நடுவராக உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்த துரை கண்ணைக் கசக்கினார். கோட்டைப் பார்ப்பதற்கென்றே உட்கார வைத்திருந்த ஓய்வுபெற்ற பெரியவர் மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். துரை சிறிது நேரம் யோசித்துவிட்டு, பக்கத்தில் நின்றவர் நீர்தான், நீரே சொல்லும் என்று என்னைக் கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். மாவெல்லாம் பறந்துபோய் ஆணிக்கீறல் தெளிவாகத் தெரிந்தது. பந்தின் தடம் அந்தக் கீறலின்மேல் அழுந்திக் கிடந்தது. உள்ளே என்று கையைக் காட்டினேன்.

சேலம் பக்கத்தில் ஓர் ஓலம் எழுந்தது. நாமக்கல் பக்கத்தில் துண்டுகள் பறந்தன. அன்று மாலையே வாதம் தொடங்கிவிட்டது. பந்து முழம் தள்ளி வெளியே விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சேலத்தில் ஒரு நூல் வியாபாரி சத்தியம் செய்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்த மூலை தெரியவே தெரியாது. வெள்ளைப் புழுதி எழும்பியதே, அது கோட்டில் விழாமல் எப்படி எழும்பும் என்றார்கள் நாமக்கல்காரர்கள். கோடுதான் ஆடுகளம் பூராவும் பறந்துகொண்டிருந்ததே, எங்கே விழுந்தாலும் எழும்பும் என்றார்கள் சேலத்துக்காரர்கள். காப்பி ஓட்டலில் மேசைமேல் தண்ணீரால் கோடு கிழித்து, கடலை உருண்டையைப் பந்தாக வைத்து வழக்காடினார்கள். பேச்சு எல்லாம் அந்த ஒரு அடியைப் பற்றியும் அதை அடித்தவரைப் பற்றியும்தான். அதற்கு முன்னால் நான் எப்படி விரட்டி வந்தேன் என்பதைப் பற்றி ஒருவராவது ஒரு வார்த்தை பேசவேண்டுமே! தோற்ற ஊரிலும் அவர் பேர், ஜெயித்த ஊரிலும் அவர் பேர். திருட்டு வெற்றி என்று திட்டினால்கூட அவரைத்தான் திட்டினார்கள். அந்தத் திட்டின்மேல்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

பிறகு ஒருநாள் அந்த நூல் வியாபாரிதான் வழக்கைத் தீர்த்து வைத்தார். "பந்து வெளியதான் உழுந்துச்சுங்க. வாத்தியாரு அக்காளுக்காக உட்டுக் குடுத்துட்டாரு. இதுகூடப் புரியாத பேசிக்கிட்டு இருக்கறீங்க?" என்றாராம். அவ்வளவுதான், தீ பற்றியதுபோல அது பரவிவிட்டது. காரணம் இருந்தது. அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷங்களாகியும் குழந்தை இல்லை. மச்சானுடைய பங்காளிகள் சிலர் இன்னொரு பெண் பார்க்கலாமே என்று வாய்விட்டுப் பேசத் தொடங்கியிருந்தார்கள். மச்சான் அந்தப் பேச்சுக்குக் காது கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். பேச்சு நடந்தது ஊருக்குத் தெரியும். ஆகவே தம்பி என்ன செய்தான்? அக்கா வாழவேண்டும் என்று அவள் புருஷனுக்குக் கோப்பையை விட்டுக் கொடுத்தான். இந்தக் கதை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. சேலம் தோற்கவில்லை, நாமக்கல்லுக்குக் கோப்பை கிடைத்தது, நடுவில் ஒரு தம்பியின் பாசம் இருந்தது. உண்மைக்கு அந்தக் கதையோடு போட்டி போடத் தெம்பில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. இல்லீங்க, பந்து உள்ளேதான் விழுந்தது, அவர் என்னை நியாயமாக ஜெயித்தார் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் பெயர் உயர்ந்தது. "பாத்தீங்களா, இன்னமும் ஒத்துக்கமாட்டேங்கறாரு. என்ன மனசுங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். எங்கள் தலைமையாசிரியர் காலைப் பிரார்த்தனையில் பெயர் சொல்லாமல் என்னை உதாரணம் காட்டினார். கல்யாணத்துக்குப் பெண் வைத்திருந்தவர்கள் என் பேரில் நல்லெண்ணம் கொண்டார்கள். வெற்றியைப் பறிகொடுத்தவனுக்கு ஊர் போட்ட மாலை அது. நான் கேட்காத மாலை, ஆனாலும் கழுத்தில் விழுந்த பின் மணக்கத்தான் செய்தது.

அந்த மணம் மச்சானுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றச் சில மாதங்களாயின. கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் ஒருவர், "எங்கூட்டுக்காரிக்கும் அப்படி ஒரு தம்பி இருந்தா நானுந்தா கப்பு வாங்குவேன்" என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தாராம். மச்சான் கோப்பையைக் கூடத்து அலமாரியிலிருந்து எடுத்து எங்கேயோ வைத்துவிட்டார். மட்டையைத் தொடுவதை நிறுத்திவிட்டார். நான் அக்கா வீட்டுக்குப் போனால் "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்றார். முன்பெல்லாம் "வாடா மாப்ளே" என்பார். ஒரு தடவை தனியாக என்னை நிறுத்தி, "நெசத்தைச் சொல்லு. எம் பொண்டாட்டிய நான் வெச்சுக் காப்பாத்தறதுக்கு எனக்குக் கப்புக் குடுத்துத்தான் ஆகோணும்னு நெனச்சிட்டியா? அப்பேர்ப்பட்ட ஆளா நானு?" என்று கேட்டார். கோர்ட்டில் குரல் உயர்த்திப் பேசுகிறவர், அன்று அதை மெதுவாகக் கேட்டார். இல்லை என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஊரே நம்பாததை அவர் மட்டும் எப்படி நம்புவார்?

அடுத்த தடவை நான் போனபோது அக்கா கொல்லைப்புறத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"ஏஞ்சாமி, நீ உட்டுக் குடுத்தியா?"

"இல்லக்கா. பந்து உள்ள உழுந்துச்சு."

"எனக்குத் தெரியும். நீ உட்டுக் குடுக்கற ஆளில்ல. எனக்குக் கொலுசு எடுத்தாங்கன்னு நாளெல்லாம் சோறு திங்காத அழுதவன்தான நீ" என்றாள். இன்னொரு கடலைக்காயை உடைத்து முறத்தில் போட்டாள். "ஆனா அவரு நம்பறதில்லையே. என்னையப் பாக்கறப்பெல்லாம் அவருக்கு அந்தக் கப்புத்தான் நாபகம் வருதாட்ட இருக்குது. நா இந்த ஊட்டுல இருக்கறதுக்கு நீ வெல குடுத்தாப்பல ஆயிப்போச்சு. அவுங்க பங்காளிக பேசுனதுகூட எனக்கு இப்படிச் சுடலீடா."

"நானும் சொல்லிப் பாத்துட்டனே அக்கா."

"நீ பெரிய மனுசனாட்டச் சொல்றே. அப்படிச் சொன்னா ஆரு நம்புவாங்க? உம் மனசுல கெடக்கறதச் சொல்லு."

"மனசுல என்ன கெடக்குது?"

"எங்கிட்டயேவா? அன்னைக்குப் பந்தலுக்குள்ள உக்காந்துட்டு நானொண்ணும் பந்தப் பாக்கல. உம் மூஞ்சியத்தாம் பாத்தேன்" என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அக்கா என்ன கேட்கிறாள் என்பது விளங்கிவிட்டது. அந்தப் பந்தயத்தில் எனக்கென்று மிஞ்சியது ஊர் கொடுத்த நல்ல பெயர் ஒன்றுதான். அதையும் கொண்டுபோய் மச்சானிடம் கொடுத்துவிடு என்கிறாள். ஏற்கெனவே எல்லாம் உள்ளவருக்கு இதுவுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த ஆத்திரத்தை நெடுநேரம் வைத்திருக்க முடியவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கறிச்சோறு. மச்சான் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா சாதம் போட வந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நின்றாள். நான் தலையைத் தூக்காமல் சொன்னேன்.

"மச்சான், எனக்கு உங்க மேல பொறாமைங்க."

அவர் கை நின்றது.

ஆரம்பித்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. "மட்டையப் புடிக்கறதுக்கு நாஞ் சொல்லிக் குடுத்தனுங்க. மறு வருசமே நீங்க என்னைய அடிச்சீங்க. அன்னைக்கிருந்து எரியுதுங்க. உங்க இடப்பக்கத்து அடியப் பாத்தா எரியுது. அடிச்சுப்போட்டு இடுப்புல கைய வெச்சுட்டு நிக்கறீங்களே, அதப் பாத்தா இன்னும் எரியுது. கால்சராய் மடிப்புக்கூட உங்களுக்குக் கலையறதில்ல. அந்தப் பந்து மேல போறப்பவே, சாமி, இது வெளிய உழுவோணும்னு எங்க குலதெய்வத்தக் கும்புட்டனுங்க. கெடா வெட்டறேன்னுகூட வேண்டிக்கிட்டேன். அது உள்ள உழுந்து தொலைஞ்சுது."

"அப்பறம் ஏன் உள்ளன்னு சொன்னே?"

"நாந்தான் பாத்துப்போட்டனே மச்சான். பாத்துப்போட்டு என்னன்னு சொல்றது?"

மச்சான் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். வக்கீல் பார்வை. சாட்சி பொய் சொல்கிறானா என்று பார்க்கிறவரின் பார்வை. என் முகத்தில் அவர் என்ன கண்டாரோ, தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு இலை ஆடும்படி சிரித்தார். அத்தனை மாதமாக அந்த வீட்டில் அப்படி யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். "கெடா வெட்டறேன்னு வேண்டுனியாடா! இந்தா புள்ள, கேட்டியா, உந் தம்பி என்னையத் தோக்கடிக்கக் கெடா வேண்டியிருக்கறான். எனக்கு இன்னொரு கரண்டி போடு" என்றார். அக்கா சாதத்தைப் போட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். கை கழுவும் இடத்தில் மச்சான் என் காதருகே குனிந்து, "அந்த இடுப்புல கை வெக்கறதச் சொன்னியே, அத மறுக்காச் சொல்லு" என்றார். மறுபடி சொன்னேன். இன்னும் ஒரு தடவை கேட்டார்.

மறு வாரமே கோப்பை கூடத்துக்கு வந்துவிட்டது. யார் வந்தாலும் "எம் மச்சினனுக்கு எம் மேல பொறாமைங்க, அவன் வாயாலயே சொன்னான்" என்று பெருமையடித்துக்கொண்டார். நான் அங்கே இருந்தால் என்னைக் கூப்பிட்டு நிறுத்திச் சொல்ல வைத்தார். ஊர் அதையும் விடவில்லை. அக்கா வாழ்வுக்காகத் தன்னைப் பொறாமைக்காரன் என்றுகூடச் சொல்லிக்கொள்கிறானே என்று என்னை இன்னும் உயரத்தில் தூக்கி வைத்தார்கள். அதைக் கேட்டால் மச்சான் விழுந்து விழுந்து சிரிப்பார். அவருக்கு ஊர் தேவைப்படவில்லை. சில வருஷம் கழித்து அக்காவுக்கு ஒரு பெண் பிறந்தாள். பங்காளிகள் தொட்டில் கட்ட வந்தார்கள். மச்சான் மட்டையையும் மறுபடி கையில் எடுத்திருந்தார். யுத்தம் வந்து பந்து கிடைக்காமல் போகும்வரை ஆடினார். நானும் அவரோடு ஆடினேன், சில நாள் ஜெயித்தேன், பல நாள் தோற்றேன். தோற்ற நாளெல்லாம் முன்போலவே எரிந்தது.

இப்போது என் பேரன்கள் ரேடியோவை நடுவில் வைத்துக்கொண்டு, சீமையில் நடந்த ஏதோ பெரிய இறுதிப் போட்டியைப் பற்றி வாதாடுகிறார்கள். சாம்பியன் ஜெயித்தது அதிர்ஷ்டத்தால் என்கிறான் ஒருவன். எதிராளிக்குக் கால் வலி என்கிறான் இன்னொருவன். ஜெயித்தவருக்கு இந்தப் பேச்சு காதில் விழுமா, விழுந்தால் சோறு இறங்குமா என்று நான் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தோற்றவர் போய் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் தேவலை. ஆனால் அது லேசில் வராது.

மச்சான் கடைசியாகப் படுத்திருந்தபோது பார்க்கப் போயிருந்தேன். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. பெண் மட்டும் அவர் பேசுவதைப் புரிந்துகொண்டு எங்களுக்குச் சொல்லுவாள். சாயங்கால வெயில் கட்டிலின்மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். பெண் குனிந்து கேட்டு, புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"இன்னமும் இருக்குதான்னு கேக்கறாருங்க மாமா. என்னதுங்க?"

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சுருங்கிப்போன அந்த இடது கையை அவர் மெதுவாக நகர்த்தி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இருக்குதுங்க மச்சான். பொட்டுக்கூடக் கொறையல" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆனாலும் அது முழுச் சிரிப்பு. அப்படிச் சிரிக்க எனக்கு இந்த வயதிலும் வரவில்லை.